ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கும் வெளிநாட்டில் ஓரியண்டேஷன் தேவையா?

மே 4, கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி)

ஆகஸ்டில் தென்கொரியா போகிறேன். அங்கத்திய அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் எப்பிக் திட்டத்தின் நேர்முகம் முடிந்துவிட்டது. இறங்கியதும் ஒரு பல்கலைக்கழக விடுதியில் சுமார் ஒரு வாரம் தங்கவைத்து ஓரியண்டேஷன், அதாவது வேலைக்கு முன்பான அறிமுகப் பயிற்சி, தருவார்களாம். என்னிடம் ஆசிரியர் பட்டம் இருக்கிறது. டர்பனின் சேட்ஸ்வர்த்தில் நாலு வருஷம் வகுப்பு எடுத்திருக்கிறேன், அறைக்கு நாற்பது பிள்ளைகள். எனக்கு எதற்கு இது? தாமதமாக அக்டோபரில் சேர்ந்தால் பயிற்சி இல்லாமல் நேராகப் பள்ளிக்கே போய்விடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். இன்னொருவர் காசு கட்டினால் தாய்லாந்தில் பத்து நாள் பயிற்சி, பிறகு எந்த ஆசிய நாட்டுக்கும் போகலாம் என்கிறார். போய் வந்த அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்.

மே 4, இரவு (பதில், போய் வந்த ஒரு அக்கா)

போ தம்பி. அக்டோபர் யோசனையை விட்டுவிடு. தாய்லாந்துக்குக் காசு கட்டாதே. காரணங்களை நாளைக்கு எழுதுகிறேன், மேசைமேல் விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

மே 5

"எனக்கு எதற்கு இது" என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷம் வகுப்பு எடுத்தவனுக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன். கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள், சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். நமக்கோ பழகிப்போன ஒரு முறை இருக்கிறது. அந்தப் பழக்கம் அங்கே முதல் மாதம் முழுக்க இடிக்கும்.

டர்பனில் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பதெல்லாம் நம் பொறுப்பு. அடங்காத பையன், பெற்றோர் புகார், மதிப்பெண், மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய காகிதம், எல்லாம் நம் தலையில். கொரிய அரசுப் பள்ளியில் நீ கொரிய ஆசிரியருக்குத் துணையாகப் போகிறாய், அவரைக் கோ-டீச்சர் என்போம். ஒரே வகுப்பில் இரண்டு பேர் நிற்பீர்கள். யார் தொடங்குவது, பையன் பேசிக்கொண்டே இருந்தால் யார் கண்டிப்பது, உன் விளக்கம் புரியாதபோது அவர் உடனே கொரிய மொழியில் சொல்லிவிடலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா, இதெல்லாம் இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை. எனக்கு இங்கே எந்தக் கல்லூரியிலும் அதைச் சொல்லித்தரவில்லை. ஓரியண்டேஷனில்தான் முதல்முறை கேட்டேன்.

விரிவுரைகளில் பாதி நீ தூங்கிவிடக்கூடிய வகை. இரண்டு கையாலும் பொருளைக் கொடு, வாசலில் செருப்பைக் கழற்று, பெரியவர் கரண்டியை எடுத்த பிறகு நீ எடு என்பார்கள். நம் வீட்டில் ஆயாவிடம் வளர்ந்த பிள்ளைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு சிநேகமாகிக்கொள்.

விட்டுவிடக் கூடாதது மாதிரிப் பாடம். முன்பின் தெரியாத ஓரிருவரோடு சேர்த்துவிட்டு, கொரியப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, மற்றவர்கள் முன்னால் நடத்திக் காட்டச் சொல்வார்கள். நான் பலகை நிறைய எழுதி, விளக்கி, கேள்வி கேட்டேன். முடிந்ததும், அங்கே பல வருஷம் இருந்த பயிற்றுநர் ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதில் பிள்ளைகள் பேசியது எவ்வளவு நேரம்?" தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம், நடுநிலையில் 45, மேல்நிலையில் 50. பல வகுப்புகளுக்கு வாரத்தில் ஒருமுறைதான் நீ வருவாய். அந்த 40 நிமிடத்தில் நான் 30 நிமிடம் பேசினால், ஒரு பிள்ளை வாரம் முழுவதிலும் வாய் திறந்து ஆங்கிலம் பேச இடமே இல்லை. அந்தக் கேள்வியை இன்றைக்கும் டர்பன் வகுப்பில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மே 7

காசு கட்டும் பயிற்சி பற்றித் தனியாக.

எப்பிக் ஓரியண்டேஷனுக்கு நீ பணம் தர வேண்டாம். தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு எல்லாம் திட்டத்தின் செலவு. 1995 முதல் கொரியக் கல்வி அமைச்சின் கீழ் நடக்கிற திட்டம் அது. ஜப்பானின் ஜெட் திட்டமும் அப்படித்தான், அது 1987இல் தொடங்கியது, நம் நாட்டிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். அங்கே முதலில் டோக்கியோவில் ஓரியண்டேஷன், பிறகு அந்தந்த மாகாணத்தில் இன்னொன்று. உன்னை வேலைக்கு எடுக்கிறவரே நடத்துகிற பயிற்சிக்கு ஒரு பொருள் உண்டு: முடிந்த அன்று உன்னை அழைத்துப்போகக் கல்வி அலுவலகத்து ஆள் வந்து நிற்பார்.

தாய்லாந்தில் பத்து நாள் யானை பார்த்து, சமையல் கற்று, கடற்கரையில் படம் எடுத்துக்கொள்வது சுற்றுலா. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, காசு இருந்தால் போய் வா. தாய்லாந்திலேயே வேலை பார்க்கப் போகிறவருக்கு அதில் கொஞ்சம் பயன் இருக்கலாம். கொரிய வகுப்பறைக்கு அது உன்னைத் தயார்படுத்தும் என்று யாராவது ரசீது எழுதினால் மறுத்துவிடு. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இப்படிக் கடன் வாங்கிக் கட்டினாள். வேலையே உறுதியாகவில்லை, பணமும் திரும்பவில்லை. அவள் அம்மா ஃபீனிக்ஸ் சந்தையில் காய்கறி விற்றுச் சேர்த்த ரேண்ட் அது. நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

மே 11

டோங்காட் அண்ணன் ஒருவர், தான் ஓரியண்டேஷன் இல்லாமல் நேராகப் பள்ளியில் சேர்ந்ததாகவும் ஒரு குறையும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நம்புகிறேன் அண்ணா. உங்களுக்கு நல்ல கோ-டீச்சர் வாய்த்திருக்கிறார், அவரே வங்கிக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துப்போனதாக நீங்களே சொல்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது.

வந்து 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கையில் வரும்வரை கைபேசி இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் இழுபறி. ஓரியண்டேஷனுக்குப் போகிறவருக்கு மருத்துவப் பரிசோதனை அந்த ஓரியண்டேஷன் முகாமிலேயே முடிகிறது, எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நேராகப் பள்ளிக்குப் போகிறவர் இவை ஒவ்வொன்றுக்கும் கோ-டீச்சரின் பாடவேளையைத் தின்ன வேண்டும். அவருக்கும் தன் வகுப்பு, தன் பிள்ளைகள், தன் வீடு இருக்கிறது. வந்த முதல் வாரமே அவரைக் களைப்படையச் செய்துவிட்டு, அவரோடுதான் வருஷம் முழுக்க ஒரே வகுப்பில் நிற்க வேண்டும்.

மே 12

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். காகிதங்களைப் பற்றி அதிகம் பேசிவிட்டேனோ என்று படுகிறது. எனக்கு முக்கியமானது வேறு.

நான் வேலை பார்த்தது ஆண்டோங் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில். அந்த ஊரில் வெளிநாட்டு முகம் என்னுடையது மட்டும்தான். மாலை நாலரைக்கு ஆசிரியர்கள் கிளம்பிவிடுவார்கள், கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும். குளிர்காலத்தில் இருட்டு ஐந்தரைக்கே. அப்போது என்னைத் தாங்கியது ஓரியண்டேஷனில் ஒரே மேசையில் சாப்பிட்ட ஆறேழு பேர். ஒருத்தி அயர்லாந்து, ஒருவன் கனடா, இரண்டு பேர் கேப் டவுன். ஒருவருக்கும் மற்றவரைவிட அதிகம் தெரியாது. "உன் கோ-டீச்சரும் பேசாமலே இருக்கிறாரா?", "உன் பள்ளியிலும் விடுமுறையில் காலி அறையில் உட்காரச் சொன்னார்களா?" என்று இரவெல்லாம் செய்தி போகும். பாதி கவலை, மற்றவருக்கும் அதே கவலை என்று தெரிந்ததும் இறங்கிவிடும். அக்டோபரில் தனியாகப் போய் இறங்குகிறவருக்கு இந்த ஆறேழு பேர் கிடையாது. பின்னால் தேடிப் பிடிக்கலாம், ஆனால் அவர்கள் ஏற்கெனவே குழுவாகிவிட்டவர்கள்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் பதிலின் அடி இதுதான். மற்றதெல்லாம் கிளை.

மே 19

ஓரியண்டேஷனில் ஒருவரும் பேசாத ஒன்றை இனி எழுத வேண்டும். இரண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

ஆம், நம் முகம்.

ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கான கொரியாவின் ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. கடவுச்சீட்டில் நிறம் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் புகைப்படம் உண்டு. தனியார் பயிற்சி நிலையங்களை அங்கே ஹாக்வோன் என்பார்கள். பெற்றோர் காசு கட்டுகிற இடம் என்பதால், விளம்பரத்துக்கு ஏற்ற முகம் தேடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்கே ஒரு நிலையத்திலிருந்து நேர்முகத்துக்குப் பிறகு, "நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் எங்கள் பெற்றோர் எதிர்பார்ப்பது வேறு" என்று பதில் வந்தது. அன்றைக்கு இரவு நான் அழுதேன். அரசுப் பள்ளித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது அதன் பிறகுதான்.

பள்ளியில் முதல் நாள் பிள்ளைகள் கேட்டது: "டீச்சர், நீங்கள் இந்தியாவா?" தென்னாப்பிரிக்கா என்றேன். "அப்படியானால் ஏன் கறுப்பாக இல்லை? ஏன் வெள்ளையாக இல்லை?" பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், வன்மம் எதுவும் இல்லை, தெரியாமல் கேட்கிறார்கள். அதற்கு நான் ஒரு பாடமே தயார் செய்தேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்த வரைபடம், கரும்புத் தோட்டம், மவுன்ட் எட்ஜ்கம் கோயில், தைப்பூசக் காவடி எடுக்கும் என் தாய்மாமா, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் நம் பன்னி சௌ. பிறகு வெஸ்ட்வில்லில் சமையலறைக்குள் புகுந்து ரொட்டி தூக்கிக்கொண்டு ஓடும் குரங்கு. குரங்குதான் வென்றது, வருஷம் முழுக்க அதையே கேட்டார்கள். ஆனால் அந்தப் பாடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையும் நான் எங்கே இருந்து வந்தேன் என்று தயங்கவில்லை.

ஆகவே தம்பி, உன் குடும்பக் கதையை எளிய ஆங்கிலத்தில், படங்களோடு, தயாராக எடுத்துக்கொண்டு போ. உன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் வாரப் பாடத்தை எல்லோரும் நடத்துவார்கள். நம் ஆட்களுக்கு அந்தப் பாடம் கூடுதல் கனமானது, அதை முகாமில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

வெளியூர் ஆசிரியர் என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1929இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறந்தபோது இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். இங்கே நிறச் சட்டங்களுக்கு நடுவே வந்து இறங்கிய அவர்களுக்கு யார் ஓரியண்டேஷன் கொடுத்திருப்பார்கள்? என் தாத்தா படித்தது அங்கேதான். தன் இந்திய வாத்தியாரைப் பற்றிப் பேசும்போது தாத்தா நிமிர்ந்து உட்காருவார்.

ஜூன் 2

பட்டச் சான்றிதழ், போலீஸ் சான்று, அவற்றை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் அப்போஸ்டில் முத்திரை, விசா, எல்லாமே பிரிட்டோரியாவைச் சுற்றித்தான். கூரியருக்கு நாள் ஒதுக்கு. ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கான டெஃபல் சான்றிதழ் 100 மணி நேரத்துக்குக் குறையாதது வேண்டும், ஆசிரியர் பட்டம் உள்ள உனக்குத் தேவையா என்று திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

ஜூன் 16

இன்று விடுமுறை. 1976இல் சோவெட்டோ பிள்ளைகள் ஆஃப்ரிக்கான்ஸ் வழியில் படிக்கச் சொன்னதை எதிர்த்து ஊர்வலம் போன நாள். காலையில் பள்ளி நண்பர்களோடு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது உன் காகித விஷயம் நினைவுக்கு வந்தது.

தென்னாப்பிரிக்கர்கள் ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியிலிருந்து கடிதம் தர வேண்டும். நம் நாட்டில் பயிற்றுமொழிகள் பல என்பதால் இப்படிக் கேட்கிறார்கள். சேட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பள்ளிகளில் படித்தவர்களுக்குக் கடிதம் எளிது. பள்ளி இடையில் மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்கு. ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை வந்துவிடும், அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். இந்த வாரமே போ.

ஜூலை 28

ஆடிக் கூழ் ஊற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். உன் அம்மாவும் கோயிலில் நின்றார், "என் பிள்ளை அங்கே போய் என்ன சாப்பிடுவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றி அடுத்த முறை. முதலில் மருத்துவப் பரிசோதனை.

முகாமில் எடுக்கும் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயும் போதைப்பொருள் சோதனையும் உண்டு. 2018இல் நம் அரசியலமைப்பு நீதிமன்றம் வீட்டுக்குள் டக்கா, அதாவது கஞ்சா, புகைப்பதைக் குற்றமில்லை என்றது. கொரியாவில் அது பெருங்குற்றம். நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று தெரியும், ஆனால் இதை வேறு பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்: புறப்படும் முன் நண்பர்கள் விருந்தில் கவனம். சோதனையில் தெரிந்தால் வேலை போகும், விசா போகும். இங்கே மருந்துக்கடையில் சாதாரணமாக வாங்கும் கோடீன் கலந்த வலி மாத்திரையையும் பெட்டியில் போடும் முன் விசாரித்துக்கொள்.

விமானச் சீட்டை முதலில் நீதான் வாங்க வேண்டும், பயணப்படி பின்னால் வரும். முதல் சம்பளம் வரை கையில் பணம் வேண்டும். சித்தப்பாவிடம் கடன் கேட்க வெட்கப்படாதே, தாய்லாந்துப் பயிற்சிக்குக் கட்டாத காசும் இருக்கிறதே.

ஆகஸ்ட் 22

முகாமிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான். முதல் இரண்டு நாள் கடுப்பாக இருந்ததாம், "செருப்பைக் கழற்றச் சொல்லித்தர ஒரு மணி நேரமா அக்கா?" என்று கேட்கிறான். மாதிரிப் பாடத்துக்கு அவனோடு சேர்த்தது இதுவரை வகுப்பே எடுக்காத ஒரு பெண்ணை. எல்லாவற்றையும் தானே செய்துவிடலாமா என்று கேட்கிறான்.

செய்யாதே. அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பாடத்தைக் கொடு. அவள் தடுமாறும்போது குறுக்கே பாயாமல் பக்கத்தில் நின்று, கண்ணால் கேட்டு, அவள் தலையசைத்தால் மட்டும் உள்ளே வா. இன்னும் சில நாளில் உன் கோ-டீச்சர் உனக்குச் செய்யப்போவதும் அதுதான்.

ஆகஸ்ட் 25

நன்றாகப் போனதாம். அந்தப் பெண் பிள்ளைகளுக்கான விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தாளாம், அதுதான் எல்லோருக்கும் பிடித்ததாம். "எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா" என்கிறான். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

செப்டம்பர் 20

புரட்டாசி தொடங்கிவிட்டது, தம்பி மதியச் சாப்பாட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். இதை விரிவாக எழுதுகிறேன், நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆகும். ஆகஸ்டில் போகிறவருக்குப் புரட்டாசியும் அங்கத்திய அறுவடைத் திருநாளான சூசோக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடும். பள்ளியில் விருந்து வைப்பார்கள், மறுப்பது சங்கடம்.

பள்ளிச் சாப்பாட்டுக்கு மாதப் பட்டியல் ஒட்டுவார்கள். ஒவ்வொரு உணவின் பக்கத்திலும் சின்ன எண்கள் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் போடுவது. 1 முட்டை, 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. கொரிய எழுத்து தெரியாவிட்டாலும் இதை வாசிக்கலாம். மாடு தொடாதவர்கள் வருஷம் முழுக்க 16ஐப் பார்த்தால் போதும். விரதக்காரருக்கு மட்டும் இது போதாது: நெத்திலிக்கு அந்தப் பட்டியலில் எண் கிடையாது, குழம்புகளில் பாதி நெத்திலிச் சாற்றில்தான் கொதிக்கிறது. கிம்ச்சியிலும் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும்.

பள்ளியில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார். கோ-டீச்சரை அழைத்துக்கொண்டு அவரிடம் போ. "இந்த மாதம் முழுக்க எங்கள் குடும்பத்தில் விரதம், புரட்டாசி முடியும்வரை" என்று சொல். புத்த மடங்களில் இறைச்சி, மீன் இல்லாமல் சமைக்கும் நாடு அது, விரதம் என்றால் அவர்களுக்குப் புரியும். எனக்கு அந்த அம்மா சோறும் கீரையும் டோஃபுவும் தனித் தட்டில் எடுத்து வைத்தார், நான் கேட்காமலே அடுத்த வருஷமும். பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே, அது சமைத்தவரைப் புண்படுத்தும்.

ஓரியண்டேஷனில் இதைச் சேர்க்கச் சொல்லிக் கருத்துப் படிவத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் எழுதுங்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பன்றி பற்றி இதே கேள்விதான், முகாமில் அரை மணி நேரம் போதும்.

செப்டம்பர் 27

வெருலத்திலிருந்து ஒரு தங்கச்சி, பிப்ரவரியில் போகலாமா என்று கேட்கிறாள். போகலாம். பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்குகிறது, அந்தச் சேர்க்கையில்தான் வகுப்பை முதல் நாளிலிருந்து பிடிக்கலாம். ஏழாம் வகுப்புக் கடிதம், போலீஸ் சான்று இரண்டையும் இந்த மாதமே தொடங்கு. தைப்பூசத்துக்கும் விமானத்துக்கும் நடுவே சில வாரங்கள்தான் இருக்கும், காவடி வேண்டுதல் இருந்தால் அம்மாவிடம் இப்போதே பேசு. உன் ஏஜென்ட் பயிற்சிக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கட்டும் முன் இங்கே எழுது. தம்பியும் பதில் சொல்வான், அவனுக்குத்தான் எல்லாம் இன்னும் புதிதாக நினைவில் இருக்கிறது.